முதல் பத்து நிமிடம்: பிஜிஎம்ஐ ஆட்டத்தில் புதியவர் பிழைப்பது எப்படி?

ஹெப்பகோடியில் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஏதாவது ஒரு பிஜி விடுதியின் மாடிப்படியில் ஏறிப் பாருங்கள். பாதிக் கதவுகளுக்குப் பின்னால் ஒரே சத்தம்தான்: "மச்சி, நாக் ஆயிட்டேன், சீக்கிரம் வாடா!" ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திராவுக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை திறந்ததிலிருந்து ஊருக்கு ஒரு ஸ்டேஷனும் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து தொழிற்பேட்டையிலும் ஐடி கம்பெனிகளிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் அறைக்கு மூன்று நான்கு பேராகத் தங்கியிருக்கிறார்கள். பிஜிஎம்ஐ என்ற கைபேசி ஆட்டத்திலும் ஒரு ஸ்குவாடுக்கு, அதாவது அணிக்கு, நான்கு பேர். அறையில் மூன்று பேர் ஏற்கெனவே ஆடுகிறவர்களாக இருந்தால், புதிதாக வந்த நான்காவது ஆள் தானாகவே உள்ளே இழுக்கப்படுவார்.

அந்த நான்காவது ஆளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடத்தில் செத்துவிட்டு, மற்ற மூன்று பேர் அரைமணி நேரம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரிய சலிப்பு. பலர் முதல் வாரத்திலேயே "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். ஆனால் ஆரம்பத்தில் பிழைத்திருப்பதற்கு வேகமான விரல்கள் தேவையில்லை. எங்கே இறங்குவது, எப்போது சுடாமல் இருப்பது, கூட்டாளிகளிடம் என்ன சொல்வது என்று தெரிந்தால் போதும். சுடுகிற திறமை மாதக் கணக்கில் வளர வேண்டியது. இந்த முடிவுகளை இன்றைக்கே கற்றுக்கொள்ளலாம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். கணினியில் 2012-இல் வந்த டேஇசட் என்ற விளையாட்டு, பசி, காயம், திருட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் உயிரோடு இருப்பதையே ஆட்டமாக்கியது. அந்தப் பரம்பரையில், கடைசி வரை உயிரோடு இருக்கும் ஒருவரே வெல்வார் என்ற விதியைச் சேர்த்து வளர்த்தவர் அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன். அவர் பெயரோடு தொடர்புடைய பப்ஜி 2017-இல் கணினிக்கும் 2018-இல் கைபேசிக்கும் வந்தது. இந்திய அரசு 2020 செப்டம்பர் 2 அன்று தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதையே இந்தியாவுக்கென்று மாற்றி, 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் 2021 ஜூலை 2 அன்று வெளியிட்டது. அதுவும் 2022 ஜூலை இறுதியில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே இறுதியில் திரும்பி வந்தது. இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் 'பப்ஜி' என்று சொன்னாலும் ஆடுவது பிஜிஎம்ஐ-தான்.

விதி எளிது. எராங்கல் என்ற 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் நிலத்தின் மேல் ஒரு விமானம் பறக்கிறது. அதில் 100 பேர். யாரிடமும் ஆயுதம் இல்லை. விரும்பிய இடத்தில் பாராசூட்டில் குதித்து, வீடுகளில் கிடக்கிற துப்பாக்கி, ஹெல்மெட், மருந்து எல்லாவற்றையும் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அதைத்தான் லூட் என்கிறார்கள். ஆட முடிகிற இடம் ஒரு வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களின் உயிர் கரையும். கடைசியில் மிஞ்சுகிற ஸ்குவாடுக்குச் 'சிக்கன் டின்னர்', அதாவது வெற்றி.

திரையின் மூலையில் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற எண் ஓடும். விமானம் கடந்த முதல் சில நிமிடங்களில் அந்த எண் மளமளவென்று இறங்குவதைப் பார்க்கலாம். இப்படி முதலில் சாகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே இடத்தில் குவிந்தவர்கள். பொச்சிங்கி, ஸ்கூல், ராணுவத் தளம், ஜார்ஜோபோல் போன்ற பேர்பெற்ற இடங்களில் நல்ல சாமான் நிறைய கிடைக்கும். அதனால் பத்து இருபது பேர் ஒரே நேரத்தில் அங்கே இறங்குவார்கள். இதற்கு ஹாட் ட்ராப் என்று பெயர். அங்கே ஒரே கூரையில் நான்கு பேர் கால் வைப்பார்கள். யார் கைக்கு முதலில் துப்பாக்கி கிடைக்கிறதோ அவர் பிழைப்பார். மற்ற மூன்று பேருக்கும் அதோடு ஆட்டம் முடிந்தது. பழகியவர்களுக்கு அதில் ஒரு கிளர்ச்சி உண்டு. புதியவர் அங்கே கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. ஆடிய நேரத்தைவிட லாபியில் காத்திருந்த நேரமே அதிகமாக இருக்கும்.

எனவே விமானப் பாதையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆட்டம் தொடங்கியதும் வரைபடத்தைத் திறந்தால் விமானம் போகும் பாதை ஒரு கோடாகத் தெரியும். எராங்கலில் வரைபடத்தின் ஒவ்வொரு பெரிய கட்டமும் 1 கிலோமீட்டர். கோட்டுக்கு நேர் கீழே இருக்கிற ஊர்களில் கூட்டம் இருக்கும். கோட்டிலிருந்து ஒரு கட்டமோ ஒன்றரைக் கட்டமோ தள்ளி, நான்கைந்து வீடுகள் சேர்ந்து நிற்கிற, பெயர்கூட எழுதப்படாத ஒரு குடியிருப்பைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் தார்ச்சாலை இருந்தால் வண்டி கிடைக்க வாய்ப்பு அதிகம். நான்கு பேருக்கும் அந்த வீடுகளில் கிடைக்கும் சாமான் போதும். மிகத் தொலைவான மூலைகளுக்கும் போக வேண்டாம். சண்டை இருக்காதுதான். ஆனால் வண்டி கிடைக்காவிட்டால் வட்டத்துக்கு ஓடியே செத்துவிடுவீர்கள்.

குதிக்கும்போது ஒரு நுட்பம். உங்கள் இலக்கு நேர் கீழே இருந்தால் தலைகீழாக நிலத்தைப் பார்த்து விழுங்கள். வேகமானி மணிக்கு 234 கிலோமீட்டர் வரை போகும். யார் முதலில் தரை தொடுகிறார்களோ அவர்களுக்கே முதல் துப்பாக்கி. தள்ளியிருக்கிற இடத்துக்குப் போக வேண்டுமென்றால் செங்குத்தாக விழாமல், முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். இதெல்லாம் கைவருகிற வரை 'ஃபாலோ' பொத்தானை அழுத்தி, அனுபவமுள்ள கூட்டாளியைப் பின்தொடருங்கள். அவர் குதிக்கும் இடத்தில் நீங்களும் தானாகக் குதிப்பீர்கள். அப்போது உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான்: நாலு பக்கமும் பார்த்து, வானத்தில் வேறு எத்தனை பாராசூட் இந்தப் பக்கம் வருகிறது, எந்த வீட்டை நோக்கிப் போகிறது என்று எண்ணிச் சொல்வது. இதை யாருமே செய்வதில்லை. செய்கிறவர் முதல் மேட்சிலேயே ஸ்குவாடுக்கு உதவுகிறவர் ஆகிவிடுவார்.

தரையில் இறங்கியதும் கதவுகளைக் கவனியுங்கள். ஆட்டம் தொடங்கும்போது எல்லா வீட்டுக் கதவுகளும் மூடித்தான் இருக்கும். ஒரு கதவு திறந்திருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம். அவர் இன்னும் உள்ளேயே இருக்கலாம். இதையே திருப்பி யோசியுங்கள்: நீங்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்துங்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது யாரும் தொடாத வீடு. அவர் அலட்சியமாகக் கதவைத் திறக்கும் சத்தம் உங்களுக்கு முன்கூட்டியே கேட்கும்.

உள்ளே கிடக்கிற எல்லாவற்றையும் அள்ள வேண்டியதில்லை. முதலில் ஏதாவது ஒரு துப்பாக்கி, அதற்கான குண்டு. இரண்டும் சேர்ந்தால்தான் ஆயுதம். துப்பாக்கியின் பக்கத்தில் அது எந்தக் குண்டை ஏற்கும் என்று எழுதியிருக்கும். எம்416, ஸ்கார்-எல் இரண்டும் 5.56. ஏகேஎம் 7.62. புதியவருக்கு என் சிபாரிசு எம்416, ஸ்கார், அல்லது யூஎம்பி. இவை சுடும்போது அதிகம் எகிறாது. ஏகேஎம்-மின் அடி பலமாக இருக்கும், ஆனால் பழகாத கையில் மூன்றாவது குண்டு வானத்துக்குப் போய்விடும். கர்98 போன்ற ஸ்னைப்பர்களை ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள். ஒரு குண்டு சுட்டு, அடுத்ததை ஏற்றுவதற்குள் எதிரி பக்கத்தில் வந்துவிடுவார். முதல் இரண்டு நிமிடத்தில் வீட்டுக்குள்ளே சண்டை வரும் என்று தோன்றினால் ஷாட்கன் கிடைத்தால்கூட எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கத்தில் அதற்கு இணை இல்லை. வெளியே வந்ததும் மாற்றிவிடுங்கள்.

அடுத்து ஹெல்மெட்டும் வெஸ்டும். லெவல் 1 கவசம் அடியில் 30 சதவீதத்தைத் தாங்கும். லெவல் 2 தாங்குவது 40, லெவல் 3 தாங்குவது 55. லெவல் 2 கிடைத்துவிட்டால் லெவல் 3-ஐத் தேடி வீடு வீடாக அலைய வேண்டாம். பேக் பெரிதாக இருப்பதும் நல்லதுதான், ஆனால் புதியவரின் பேக்கில் பாதி குப்பையாக இருக்கும். தன் துப்பாக்கிக்குப் பொருந்தாத குண்டுகள், நான்கு விதமான ஸ்கோப், தேவையில்லாத கைப்பிடிகள் எல்லாம் கிடக்கும். செட்டிங்ஸில் தானாகப் பொறுக்கும் வசதி இருக்கிறது. எந்தப் பொருளை எத்தனை எடுக்க வேண்டும் என்று அங்கே ஒருமுறை எழுதிவைத்தால் சண்டையின் நடுவே பையைக் குடைய வேண்டியிராது.

மருந்து விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். பேண்டேஜ் ஒன்று கொஞ்சம்தான் ஏற்றும். ஃபர்ஸ்ட் எய்ட் கிட் உயிரை 75 வரை கொண்டுவரும். மிச்சத்தை எனர்ஜி டிரிங்க்கும் பெயின்கில்லரும் மெதுவாக ஏற்றும். அவற்றுக்கென்று தனியாக ஒரு பட்டை உண்டு. அது பாதிக்கு மேல் நிறைந்தால் ஓட்டமும் வேகமாகும். மெட்கிட் முழுவதையும் ஒரே தடவையில் ஏற்றும், ஆனால் அரிதாகவே கிடைக்கும். எதைச் சாப்பிட்டாலும் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளுக்கு ஒரு சுவரோ மரமோ பாறையோ மறைவாக இல்லையென்றால் மருந்தைத் தொடாதீர்கள்.

இனிச் சண்டை. முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் தொடங்க வேண்டிய சண்டைகள் மிகக் குறைவு. சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் ஓடுவது புதியவர்களின் பெரிய பழக்கம். துப்பாக்கிச் சத்தம் இருநூறு முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிறவர்களையும் கூப்பிடும். நீங்கள் ஒருவரை வீழ்த்துவதற்குள் மூன்றாவது ஸ்குவாடு ஒன்று பின்னால் வந்து நிற்கும். ரேட்டிங்கிலும் உயிரோடு இருந்த நேரத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. ஒருவரையும் கொல்லாமல் பத்து பேர் மிஞ்சும் வரை வந்த ஆட்டம், ஒருவரைக் கொன்றுவிட்டு எண்பது பேர் இருக்கும்போதே செத்த ஆட்டத்தைவிட உங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கும்.

ஆனாலும் எல்லா எதிரியும் மனிதர் அல்ல. ஆரம்ப நிலைகளில், அதாவது பிரோன்ஸ், சில்வர் மேட்ச்களில், கணினியே ஆட்டுகிற பாட்கள் நிறைய இருக்கும். நேர்கோட்டில் ஓடும், வெட்டவெளியில் நின்று சுடும், சுட்டால் பெரும்பாலும் குறி தவறும். இவற்றைத் தயங்காமல் சுட்டுப் பழகிக்கொள்ளுங்கள். அதே நேரம், மரத்துக்குப் பின்னால் பதுங்குகிறவர், உட்கார்ந்து எழுந்து சுடுகிறவர், உங்கள் குண்டு பட்டதும் ஓடி மறைகிறவர் மனிதர். அங்கே வேறு கணக்கு.

எங்கிருந்தோ குண்டு வந்து உங்கள் மேல் பட்டால் உங்கள் கை முதலில் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். புதியவர் நின்று, திரும்பி, யார் சுட்டது என்று தேடுவார். அந்த இரண்டு நொடியில் கதை முடிந்துவிடும். முதலில் பக்கத்து மறைவுக்கு ஓடுங்கள், பிறகு தேடுங்கள். மறைவு என்றால் குண்டு ஊடுருவாதது: சுவர், பாறை, தடித்த மரம், நிறுத்தியிருக்கிற வண்டி. புல் கண்ணுக்கு மட்டும்தான் மறைவு. டிபிபி முறையில், அதாவது கேமரா உங்கள் தலைக்குப் பின்னால் இருக்கும் முறையில், சுவருக்குப் பின்னால் நின்றபடியே மூலையைத் தாண்டிப் பார்க்க முடியும். கண் வடிவப் பொத்தானைப் பிடித்துத் திருப்பினால் உடம்பு அசையாமல் பார்வை மட்டும் சுற்றும். எட்டிப் பார்த்து மாட்டிக்கொள்கிறவர்கள் இந்தப் பொத்தானை மறந்தவர்கள்.

ஒருவரைக் கொன்றதும், அவருடைய சாமான் கிடக்கும் பெட்டியை நோக்கி ஓடாதீர்கள். அந்தப் பெட்டியை அவருடைய கூட்டாளிகள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்து நொடி பொறுங்கள். சுற்றிலும் காலடிச் சத்தம் இல்லை என்று தெரிந்த பிறகு போங்கள். வானத்திலிருந்து சிவப்புப் புகையோடு இறங்கும் ஏர்ட்ராப்புக்கும் இதே விதி. அதில் ஏடபிள்யூஎம் போன்ற உயர்ந்த ஆயுதம் இருக்கும், உண்மைதான். அதைச் சுற்றிக் காத்திருக்கிறவர்களும் இருப்பார்கள். புதியவர் ஏர்ட்ராப் பக்கம் போகவே வேண்டாம்.

காலடி என்றதும் காது. ஹெட்போன் இல்லாமல் இந்த ஆட்டத்தை ஆடுவது பாதிக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவது. மாடியில் ஒருவர் நடப்பதும், கண்ணாடி உடைவதும், தொலைவில் வண்டி வருவதும் தெளிவாகக் கேட்கும். மினிமேப்பிலும் காலடிக்கும் குண்டுக்கும் அடையாளம் தோன்றும். உங்கள் காலடியும் எதிரிக்கு இப்படியே கேட்கும் என்பதை மறக்கக் கூடாது. வீட்டை நெருங்கும்போது குனிந்து நடந்தால் சத்தம் குறையும். வெட்டவெளியைக் கடக்கும்போது துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஓடுங்கள். கையில் பிடித்து ஓடுவதைவிட அது வேகம்.

வட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பயந்து சாகிறவர்களும் உண்டு, அலட்சியத்தால் சாகிறவர்களும் உண்டு. முதல் வட்டத்தின் நீலச் சுவர் மெதுவாகவே உயிரைத் தின்னும். அதைக் கண்டு பதறி, துப்பாக்கியை விட்டுவிட்டு வெட்டவெளியில் ஓட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் அடி கூடிக்கொண்டே போகும். நான்காவது ஐந்தாவது வட்டத்துக்கு வெளியே மாட்டினால் மருந்து சாப்பிட்டு ஈடுகட்ட முடியாது. ஆகவே லூட் முடிகிறதோ இல்லையோ, அடுத்த வெள்ளை வட்டம் எங்கே என்று தெரிந்தவுடன் தூரத்தைக் கணக்கிட்டு, வண்டி எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள். வட்டத்தின் விளிம்புக்குள் முன்கூட்டியே போய் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டால், பின்னால் ஓடிவருகிறவர்களை நீங்கள் பார்ப்பீர்கள். கடைசி நொடியில் ஓடினால் அவர்கள் உங்களைப் பார்ப்பார்கள். ரெட் ஜோன் என்று சிவப்பாகக் காட்டும் குண்டுவீச்சுக்கு மட்டும் பயப்பட வேண்டாம். கூரைக்குக் கீழே இருந்தால் ஒன்றும் ஆகாது.

இப்போது, எல்லாவற்றையும்விட நான் முக்கியம் என்று நினைக்கிற விஷயம்: பேச்சு. ஹெப்பகோடி பிஜி ஒன்றில் உருவாகும் ஸ்குவாடில் ஒரு தமிழர், ஒரு கன்னடக்காரர், ஒரு ஒடியாக்காரர், ஒரு தெலுங்குக்காரர் இருப்பது சாதாரணம். சண்டை வந்ததும் ஆளாளுக்குத் தாய்மொழியில் கத்துவார்கள். "அங்க இருக்கான், அங்க இருக்கான்!" என்று தமிழர் கத்துவார். மற்ற மூன்று பேரும் நான்கு திசையில் திரும்புவார்கள். தமிழ் தெரிந்தவருக்குக்கூட அந்த வாக்கியத்தில் ஒரு தகவலும் இல்லை. எங்கே என்று யாருக்குத் தெரியும்?

திரையின் உச்சியில் ஒரு திசைகாட்டிப் பட்டை நகர்ந்துகொண்டிருக்கும். வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. இடையில் 15, 30 என்று எண்கள். எதிரியை நோக்கித் திரும்பினால் நடுவில் என்ன எண் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். "டூ ஃபார்ட்டி. மாடி வீடு. ரெண்டு பேர்." இவ்வளவுதான். எண்ணை ஆங்கிலத்தில் சொன்னால் ஒடியாக்காரருக்கும் புரியும், கன்னடக்காரருக்கும் புரியும். இதில் ஒரு கண்ணி உண்டு. நான்கு பேரும் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் அந்த எண் எல்லோருக்கும் பொருந்தும். நீங்கள் சாலையின் இந்தப் பக்கமும் கூட்டாளி நூறு மீட்டர் தள்ளி அந்தப் பக்கமும் இருந்தால், உங்கள் 240 அவருக்கு 200-ஆக இருக்கலாம். அப்போது எண்ணைச் சொல்லாமல் 'மார்க்' பொத்தானை அழுத்துங்கள். எல்லோர் வரைபடத்திலும் புள்ளி விழும்.

நாக் ஆகும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். ஸ்குவாடில் அடிபட்டு விழுந்தால் உடனே சாவதில்லை. தவழலாம். கூட்டாளி பக்கத்தில் வந்து சுமார் பத்து நொடி உட்கார்ந்தால் எழுப்பிவிடலாம். அதனால் விழுந்ததும் முதல் வேலை மறைவுக்குத் தவழ்வது, இரண்டாவது வேலை சுட்டவர் எங்கே என்று ஒரே வரியில் சொல்வது. "வா வா, தூக்கு" என்று கதறிக் கூட்டாளியை வெட்டவெளிக்கு இழுத்தால் அவரும் விழுவார். அவர் வர வேண்டுமென்றால் முதலில் ஸ்மோக் என்ற புகைக்குண்டைப் போட்டுவிட்டு வரட்டும். இதற்காகவே ஒவ்வொருவரும் பையில் இரண்டு ஸ்மோக் வைத்திருப்பது நல்லது. முழுதாகச் செத்துவிட்டால், பார்த்ததைச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிடுங்கள். உயிரோடு இருக்கிறவருக்குக் காலடி கேட்க வேண்டும்.

கைபேசியையும் நெட்டையும் பற்றிச் சுருக்கமாக. கிராபிக்ஸை 'ஸ்மூத்' என்று வைத்து, ஃபிரேம் ரேட்டை உங்கள் போன் தாங்குகிற உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். நிழல்களை அணைத்துவிடுங்கள். மரத்தின் இலை அழகாகத் தெரிவதைவிட எதிரி அசைவது உடனே தெரிவது முக்கியம். மூலையில் தெரியும் பிங் எண் பச்சையாக இருக்க வேண்டும். பிஜியின் பொது வைஃபையில் இரவு பத்து மணிக்கு எல்லோரும் படம் பார்க்கத் தொடங்கியதும் அது சிவப்பாகும். அப்போது மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள், அல்லது அன்றைக்கு விட்டுவிடுங்கள். பிங் ஏறியிருக்கும்போது நீங்கள் சுவருக்குப் பின்னால் ஒளிந்துவிட்டதாக உங்கள் திரை சொல்லும், எதிரியின் திரையில் நீங்கள் இன்னும் வெளியில் நின்றுகொண்டிருப்பீர்கள். சென்சிட்டிவிட்டியை யாரோ சொன்ன எண்ணுக்கு மாற்றாமல், பயிற்சி மைதானத்தில் தினம் பத்து நிமிடம் சுட்டுப் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஜைரோஸ்கோப் உள்ள போனாக இருந்தால் அதையும் ஆரம்பத்திலேயே பழகுவது நல்லது. பிறகு மாறுவது கடினம்.

பணம். துப்பாக்கிக்கும் சட்டைக்கும் யூசி என்ற ஆட்டப் பணம் கொடுத்து வாங்கும் ஸ்கின்கள், அதாவது அலங்காரங்கள், உங்கள் உயிரை ஒரு நொடிகூட நீட்டிக்காது. புதியவர் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை. "பாதி விலைக்கு யூசி" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களிடமும், சுவருக்குப் பின்னால் இருப்பவர்களைக் காட்டும் ஹேக் செயலிகளிடமும் நெருங்காதீர்கள். முதலாவதில் பணம் போகும், இரண்டாவதில் கணக்கே தடை செய்யப்படும். ஐம்பது ரூபாய் கட்டி, ஒரு கில்லுக்கு இவ்வளவு என்று பரிசு தரும் கஸ்டம் ரூம்களும் அங்கங்கே நடக்கின்றன. பணம் கட்டிப் பணத்தை எதிர்பார்த்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்திருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸை அது தனியாக அங்கீகரிக்கிறது. வித்தியாசம் தெரியாமல் பெயர் தெரியாத ஆளுக்கு ஜிபே செய்துவிட்டு, பிறகு யாரிடம் போய்க் கேட்க முடியும்?

வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் ஆட முடியாதபடி கட்டுப்பாடு இருக்கிறது. பதிவு செய்யும்போது பெற்றோரின் எண்ணுக்கு ஓடிபி வரும். அந்த ஓடிபியை யோசிக்காமல் சொல்லிவிடுகிற பெற்றோரிடம் இந்தக் கட்டுப்பாடு வேலை செய்யாது. பெரியவர்களுக்கும் எல்லை வேண்டும். காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவர் இரவு ஒரு மணிக்கு "கடைசி மேட்ச்" என்று தொடங்கக் கூடாது. எராங்கல் மேட்ச் ஒன்று கடைசி வரை போனால் சுமார் அரைமணி நேரம். நேரத்தை மணியில் கணக்கிடாமல் மேட்சில் கணக்கிடுங்கள். இன்றைக்கு மூன்று மேட்ச் என்றால் மூன்றோடு போனை வையுங்கள்.

கடைசியாக, அறையில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் மூன்று பேருக்கு ஒரு வேண்டுகோள். புதியவர் பொருந்தாத குண்டைப் பொறுக்குவார், கதவைத் திறந்தே விட்டுவிடுவார், உங்கள் மேலேயே குண்டு எறிவார். திட்டாதீர்கள். முதல் பத்து மேட்சுக்கு அவர் பெயர் தெரிந்த ஊர்களில் இறங்க வேண்டாம், நீங்களும் இறங்காதீர்கள். அவருக்கு ஒரு எம்416-ஐயும் நூற்றிருபது குண்டையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். விழுந்தால் ஸ்மோக் போட்டுப் போய்த் தூக்குங்கள்.